கரீபியன் க்ரூஸ்: விசா முதல் இறங்கும் காலை வரை, எதை எப்போது செய்வது

கரீபியன் கப்பல் பயணத்துக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். மலிவான கேபின் விலை கண்ணில் பட்டதும் முன்பணம் கட்டிவிடுவார்கள். அப்புறம்தான் விசா, விமானம், பிள்ளைகளின் விடுமுறை, எந்தத் தீவில் என்ன செய்வது என்ற யோசனையெல்லாம் வரும். அதற்குள் கையைக் கட்டிப்போட்டாகிவிட்டது.

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் திட்டம் போட்டுக் கொடுக்கும்போது நான் பின்பற்றும் வரிசை இது. புளோரிடாவில் ஏறி, 7 இரவு சுற்றி, ஏறிய துறைமுகத்திலேயே இறங்கும் பயணத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இந்தியாவிலிருந்து போகிறவர்களும், அமெரிக்காவில் இருந்துகொண்டு ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களும்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு வரும் சிக்கல்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. விசாவும் பெயரும்

கப்பல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி, பஹாமாஸ், மெக்சிகோ என்று வெளிநாட்டு மண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்ப அமெரிக்காவுக்கு வருகிறது. திரும்பி வருவது புதிதாக நாட்டுக்குள் நுழைவதாகவே கணக்கு. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குப் பலமுறை நுழையும் அமெரிக்க விசா வேண்டும். பி1/பி2 என்ற வருகையாளர் விசாவில் பலமுறை என்பதற்கான குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். விசா முத்திரை காலாவதியாகி, நாட்டில் தங்கும் அனுமதியைக் காட்டும் ஐ-94 பதிவு மட்டும் செல்லுபடியாக இருக்கும். கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையோடு வரலாம் என்று ஒரு விதி உண்டு. அதை நம்பிக் கப்பலேறலாம் என்று நினைப்பார்கள். பக்கத்துத் தீவுகளுக்கும் அந்தச் சலுகை நீள்வது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு மட்டும். எச்-1பி-க்கு மெக்சிகோவும் கனடாவும் மட்டுமே. கப்பல் பஹாமாஸின் தலைநகரான நாசாவில் ஒரு மணி நேரம் நின்றாலும் கணக்கு மாறிவிடும். முத்திரை காலாவதியாகியிருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

வழியில் உள்ள நாடுகளின் விசா அடுத்தது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். புவேர்ட்டோ ரிக்கோவும் செயின்ட் தாமஸும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகள். மற்ற ஒவ்வொரு தீவுக்கும் உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கரையில் இறங்கப் போவதில்லை என்றாலும் இது பொருந்தும். காகிதம் குறைந்தால் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் திரும்பாது.

கிரீன் கார்டு உள்ளவர்கள் அதோடு தம் நாட்டுக் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு, ஏறிய இடத்திலேயே இறங்கும் பயணமென்றால் பிறப்புச் சான்றிதழ் போதும். ஆனாலும் கடவுச்சீட்டு எடுத்துவிடுவது நல்லது. நடுவில் ஒரு தீவிலிருந்து விமானத்தில் திரும்ப நேர்ந்தால் பிறப்புச் சான்றிதழ் செல்லாது.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரியது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்து, முழுப்பெயரையும் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருப்பார்கள். கப்பல், விமானம் இரண்டிலும் ஒரே மாதிரி, கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் கொடுங்கள். இனிஷியலைச் சுருக்கிப் போடுவது, அப்பா பெயரை ஒன்றில் சேர்த்து இன்னொன்றில் விடுவது, இவை வரிசையில் நிற்கும்போது வீண் தலைவலி.

2. மாதம்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. அந்த மாதங்களில் விலை இறங்குவதற்குக் காரணம் அதுதான், பள்ளி திறந்துவிடுவதும் ஒரு காரணம். கப்பல் புயலுக்குள் போகாது, சுற்றிக்கொண்டு போகும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட தீவுக்குப் பதில் வேறு தீவு வரும். எந்தத் தீவானாலும் சரி, விலைதான் முக்கியம் என்பவர்கள் செப்டம்பரில் போகலாம்.

டிசம்பர் முதல் வாரமும் ஜனவரி இரண்டாம் பாதியும் என் கணக்கில் நல்ல காலம். மார்ச்சில் கல்லூரி விடுமுறைக் கூட்டம் ஏறும், நீச்சல் குளத்தருகே இரவு பகல் தெரியாது. கோடையில் மெக்சிகோவின் கரீபியன் கரையில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி ஒதுங்கும். கோஸ்டா மாயா கடற்கரைக்காகவே போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

3. மேற்கா, கிழக்கா

மேற்குப் பாதையில் கோஸுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, ரோவாட்டான், கோஸ்டா மாயா வரும். பவளப்பாறை, மாயா இடிபாடுகள், அருவி என்று செயல் அதிகம். கிழக்குப் பாதையில் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். நடந்தே பார்க்கும் பழைய நகரங்களும் அழகான கடற்கரைகளும் இங்கே. கிழக்கே தீவுகள் தொலைவில் இருப்பதால் நடுக்கடலில் கழியும் நாளும் கூடுதல்.

தெற்குப் பாதையான அரூபா, குராசாவ், பார்படோஸ் பக்கம் போகும் கப்பல்கள் பல சான் ஹுவானிலிருந்தோ பார்படோஸிலிருந்தோ கிளம்பும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

வயதானவர்கள் உடன் வந்தால் கிழக்கு. பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் மேற்கு.

4. கப்பல்

பாதை முடிவான பிறகே கப்பல். ராயல் கரீபியனின் பெரிய கப்பல்கள் ஒரு சிறு நகரம் மாதிரி. 2024-ல் வந்த ஐகான் ஆஃப் த சீஸில் 20 தளங்கள், நிறைந்தால் 7,600 பயணிகள் வரை. பனிச்சறுக்கு நிகழ்ச்சி, நீர்மேடையில் உயரத்திலிருந்து குதிக்கும் சாகசம், இசை நாடகம் எல்லாம் உள்ளேயே நடக்கும். கார்னிவல் கப்பல்களில் நகைச்சுவை அரங்கு நன்றாக இருக்கும். மாலை நிகழ்ச்சி குடும்பத்துக்கு, இரவு நிகழ்ச்சி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அம்மா அப்பாவோடு போகிறவர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள். டிஸ்னி விலை கூடுதல், ஆறேழு வயதுப் பிள்ளைகள் இருந்தால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம்.

பெரிய கப்பல் எல்லாத் துறைமுகத்துக்கும் போக முடியாது. மிகப் பெரியவை நாலைந்து துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றும். தீவுகளைப் பார்க்க ஆசையென்றால் நடுத்தரக் கப்பல், கேளிக்கைக்காக என்றால் பெரியது.

கைக்குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். கருவுற்றிருப்பவர்கள் பயணம் முடிவதற்குள் 24-வது வாரத்தைத் தொட்டால் ஏற்றமாட்டார்கள். புறப்படும் நாளை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்த தம்பதிகள் உண்டு.

5. கேபின்

தளப் படத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளே இருப்பது உத்தமம். தலைக்கு மேல் பஃபே இருந்தால் விடிகாலை 5 மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நடன அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை அதிர்வு.

குமட்டல் வரும் உடம்பு என்றால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம் எடுங்கள். சீசா விளையாட்டுப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் குறைவாக ஆடுவது போலத்தான் இது. முன்பக்கமும் மேல்தளமும் அதிகம் ஆடும். அறையை நிறுவனமே ஒதுக்கும் கேரண்டி விலை மலிவு, ஆனால் இந்தத் தேர்வெல்லாம் கையை விட்டுப் போய்விடும்.

பால்கனி அவசியமா? தினமும் இறங்கிச் சுற்றுகிறவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும். வெளியே இறங்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் பால்கனிக்குச் செலவழிக்கலாம், அவர்கள் பாதி நாள் அங்கேதான் இருப்பார்கள். உள்ளறையில் விளக்கை அணைத்தால் கைவிரல் தெரியாத இருட்டு. ஒரு சிறிய இரவு விளக்கு கொண்டுபோங்கள்.

6. முழுச் செலவு

விளம்பரத்தில் வரும் தொகையோடு ஊழியர்களுக்கான டிப்ஸான சேவைப்படியைக் கூட்டுங்கள். சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் தானாகவே கணக்கில் ஏறும். 18 டாலர் என்று வைத்தால் நான்கு பேருக்கு 7 இரவில் 504 டாலர். இதை நினைக்காமல் வந்து கடைசி இரவு பில்லைப் பார்த்து முகம் வாடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சாதாரண காபி, டீ இலவசம். மது பேக்கேஜ் எடுத்தால் பெரும்பாலான நிறுவனங்களில் அதே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எடுத்தாக வேண்டும். ஒருவர் மட்டும் குடிக்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

இறுதித் தொகை கட்டும் தேதி பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்னால் வரும். அதற்குள் விலை இறங்கினால் கூப்பிட்டுக் குறைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் செய்வார்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டால் கேட்டுப் பயனில்லை.

பயணக் காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம், அதாவது நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு, என்ற பகுதி இருக்க வேண்டும். கப்பல் மருத்துவரின் கட்டணம் நேராக உங்கள் கேபின் கணக்கில் ஏறும், ஹெலிகாப்டர் வந்தால் தொகை எங்கேயோ போய்விடும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு காப்பீடு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது உதவாது. ஆகவே முன்பணம் கட்டிய கையோடு எடுங்கள்.

7. விமானம்

ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

எந்த ஊரில் ஏறுகிறீர்கள் என்பதை இரண்டு முறை பாருங்கள். மயாமியும் ஃபோர்ட் லாடர்டேலும் வேறு வேறு துறைமுகங்கள், இடையே சுமார் 45 கிலோமீட்டர். ‘ஆர்லாண்டோ’ என்று விற்கும் பயணங்கள் உண்மையில் போர்ட் கனாவெரலில் கிளம்புகின்றன. அது ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மயாமியில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி முனையம் உண்டு. வண்டிக்காரரிடம் கப்பலின் பெயரைச் சொல்லுங்கள்.

8. ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய பதிவுகள்

நிகழ்ச்சிகளைப் பார்க்கத்தான் போகிறோம் என்பவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பலில் 6,000 பேருக்கு மேல் ஏறலாம், பிரதான அரங்கில் இருக்கை ஏறத்தாழ 1,400. பனி அரங்கும் நீர்மேடையும் அதைவிடச் சிறியவை. பதிவு இலவசம், கப்பல் நிறுவனத்தின் கைபேசிச் செயலியில் சில வாரங்கள் முன்பே திறந்துவிடும். ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் எல்லாம் நிறைந்துபோயிருக்கும்.

பனி நிகழ்ச்சியையும் நீர்மேடை நிகழ்ச்சியையும் பயணத்தின் முதல் பாதியில் போடுங்கள். கடல் ஆடினாலோ காற்று அடித்தாலோ இரண்டையும் ரத்து செய்வார்கள். முதல் பாதியில் ரத்தானால் வேறு நாளுக்கு மாற்ற இடமுண்டு. ஆறாம் நாள் ரத்தானால் அவ்வளவுதான். நேரத்தைத் தேர்வு செய்யும்போது உங்கள் இரவு உணவு நேரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 7.30-க்கு நிகழ்ச்சி, 6.30-க்குச் சாப்பாடு என்று போட்டால் இனிப்பு வருவதற்கு முன்பே எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

இடம் கிடைக்கவில்லையா? பதிவில்லாதவர்களுக்கென்று தனி வரிசை விடுவார்கள். வராதவர்களின் இருக்கைகளைத் தொடங்கச் சற்று முன் அவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும், எட்டுப் பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் கஷ்டம். எல்லாக் கப்பலிலும் இந்தப் பதிவு கிடையாது. பலவற்றில் நேராகப் போய் உட்காரலாம்.

செயலியில் செக்-இன் திறக்கும் நாளிலேயே கடவுச்சீட்டுப் படம், முகப்படம், கார்டு விவரம் கொடுத்து, ஏறும் நேரத்தைச் சீக்கிரமானதாக எடுங்கள். கணக்குக்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் ஒவ்வொரு நாளும் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அது திரும்ப வரச் சில நாளாகும், அதுவரை உங்கள் பணம் உங்களுக்கு உதவாது.

வைஃபை, கரைச் சுற்றுலா இரண்டுமே முன்கூட்டி வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு.

9. பெட்டி

பயணக் கெட்டில், சிறிய ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் எதற்கும் அனுமதி இல்லை. தீ அபாயம்தான் காரணம். ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியைப் பிடித்துவைப்பார்கள், கீழ்த்தளத்தில் போய் விளக்கம் சொல்லி வாங்க வேண்டும். வெந்நீர் பஃபேயில் எந்நேரமும் கிடைக்கும். இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலம் கொண்டுபோனால் போதும். வீட்டில் செய்த உணவுக்கு அனுமதி கிடையாது. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டுகளைப் பொதுவாக விடுவார்கள்.

பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் ராணுவப் புள்ளி போட்ட உடை பொதுமக்கள் அணியச் சட்டப்படி தடை. குழந்தையின் டவுசருக்கும் தடை உண்டு. செயின்ட் தாமஸ் உள்ளிட்ட அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை. துத்தநாகம் கலந்ததை வாங்குங்கள்.

அறைச் சுவர்கள் உலோகம், காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் ஈரத்துணி மாட்ட உதவும். ஃபார்மல் இரவுக்குக் கோட்டு வாங்க ஓட வேண்டாம். பட்டுப்புடவையும் வேட்டி சட்டையும் தாராளமாகச் செல்லும்.

10. ஏறும் நாள்

பெரிய பெட்டிகளைச் சுமைகாரரிடம் கொடுத்துவிடுவீர்கள், அவை அறைக்கு வர மாலையாகும். ஆகவே மருந்து, கடவுச்சீட்டு, நீச்சல் உடை, ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். நீச்சல் குளம் கூட்டமில்லாமல் கிடைக்கும் முதல் பகலைப் பலரும் உடை பெட்டியில் இருக்கிறது என்று வீணாக்குகிறார்கள்.

ஏறியதும் முதல் வேலை மஸ்டர் டிரில் என்ற அவசரகாலப் பயிற்சி. பல கப்பல்களில் இப்போது செயலியில் காணொளி பார்த்துவிட்டு, உங்கள் அவசரகால இடத்துக்குப் போய் அட்டையைத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மாலைக்குத் தள்ளினால் அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அங்கே போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

அடுத்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் ஹெட் வெய்ட்டரைப் பிடியுங்கள். சைவம், முட்டை கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ராயல் கரீபியன், கார்னிவல் போன்றவற்றில் இந்தியச் சைவ உணவு செய்து தருவார்கள். ஆனால் முந்தைய இரவே சொல்ல வேண்டும். பருப்பும் பனீரும் காய்கறிக் குழம்பும் வரும், சாம்பார் எதிர்பார்க்காதீர்கள்.

குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. என்ன மாத்திரை என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் கைபேசியை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றுங்கள். கப்பலுக்கென்று ஒரு செல்பேசிக் கோபுரம் உண்டு, உங்கள் போன் அதைப் பிடித்துக்கொண்டால் சில நிமிடத்துக்கே பெரிய பில் வரும். விமான நிலையில் வைத்துக்கொண்டு வைஃபையை மட்டும் போடுங்கள்.

11. கப்பல் நேரம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கப்பலை விட்டுவிடுபவர்களில் பலர் சோம்பேறிகள் கிடையாது, தவறான கடிகாரத்தைப் பார்த்தவர்கள்.

கோஸுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா மூன்றும் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கும். புளோரிடா மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும். ஜூலையில் கோஸுமெலில் இறங்குகிறீர்கள். கப்பல் புளோரிடா நேரத்திலேயே ஓடுகிறது, 4.30-க்குள் ஏற வேண்டும், 5-க்குக் கிளம்பும். உங்கள் போன் உள்ளூர்க் கோபுரத்தைப் பிடித்துத் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. போனில் 3.45, இன்னும் ஒரு ரவுண்டு நீந்தலாம் என்று தோன்றும். கப்பலில் அப்போது 4.45. ரோவாட்டானிலும் பெலீஸிலும் கோடையில் வித்தியாசம் இரண்டு மணி நேரம்.

கிழக்கே குளிர்காலத்தில் தலைகீழ். செயின்ட் மார்ட்டின், செயின்ட் தாமஸ், சான் ஹுவான் புளோரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். இங்கே கப்பலை விடமாட்டீர்கள், ஆனால் வெளியாளிடம் பதிவு செய்த படகை விட்டுவிடுவீர்கள். அவர் 9.30 என்று சொன்னது உள்ளூர் நேரம், கப்பல் கடிகாரத்தில் அது 8.30.

சில கப்பல்கள் வழியிலேயே கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. தினமும் செயலியில் பார்த்துவிட்டு இறங்குங்கள். தானாக நேரம் மாறாத சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. ஒரு குடும்பத்தில் ஒருவர் கட்டினால் போதும்.

துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணை, அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருப்பதை, படம் எடுத்து வையுங்கள். நீங்கள் வராவிட்டால் ஊழியர்கள் அறைப் பெட்டகத்தில் கடவுச்சீட்டைத் தேடி எடுத்து அந்த முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஆகவே கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் துணிகளுக்கிடையே ஒளித்துவைக்காதீர்கள், பெட்டகத்தில் வையுங்கள். கரைக்குக் கப்பல் அட்டையும், படத்துடன் உள்ள ஒரு அடையாள அட்டையும், கடவுச்சீட்டின் நகலும் எடுத்துப்போங்கள்.

12. துறைமுகங்களில்

கப்பல் மூலம் வாங்கும் சுற்றுலா விலை கூடுதல். ஆனால் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுசேர்ப்பார்கள். வெளியாளிடம் எடுத்தால் அந்த உத்தரவாதம் இல்லை. தூரமென்றால் கப்பல் மூலம், பக்கமென்றால் சொந்தமாக என்பது என் கணக்கு. சொந்தமாகப் போனால் ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் இருங்கள்.

கோஸுமெல்: கப்பல்கள் மூன்று துறைகளில் நிற்கும். புன்டா லங்கோஸ்டா ஊருக்குள்ளேயே இருக்கிறது, மற்ற இரண்டும் தெற்கே. எதில் நிற்கிறது என்று தெரியாமல் டாக்சி ஏறாதீர்கள். துலும் இடிபாடுகள் தீவில் இல்லை. படகில் முக்கால் மணி நேரம் கடந்து, அப்புறம் பேருந்து. அதைக் கட்டாயம் கப்பல் மூலமே எடுங்கள். தீவிலேயே சான் கெர்வாசியோ இடிபாடுகள் உண்டு, சிறியதுதான், ஆனால் அவசரமில்லாமல் பார்க்கலாம். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ‘சின் மான்தேகா’ என்று கேட்டு வாங்குங்கள்.

கிராண்ட் கேமன்: ஜார்ஜ் டவுனில் கப்பல் கரையை ஒட்டி நிற்க இடமில்லை, சிறு டெண்டர் படகில் இறங்க வேண்டும். கப்பல் சுற்றுலா எடுத்தவர்களை முதலில் விடுவார்கள், மற்றவர்கள் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். போக வர இரண்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள். கடைசி டெண்டர் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும், கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்த்துப் பயனில்லை. திருக்கை மீன்களோடு நிற்கும் மணல்திட்டு இடுப்பளவு ஆழம்தான், நீந்தத் தெரியாதவர்களும் போகலாம். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நகருங்கள், மிதித்தால்தான் அது கொட்டும்.

நாசா: ஊரைப் பலர் பார்த்தது போதும் என்று கப்பலிலேயே இருந்துவிடுவார்கள், அதில் தப்பில்லை. அன்றைக்குத் தண்ணீர்ச் சறுக்கில் வரிசையே இருக்காது. இறங்கினால் பாறையில் வெட்டிய குவீன்ஸ் ஸ்டேர்கேஸ் படிகளுக்கு நடந்தே போய் வரலாம். ஜங்கானூ கடற்கரையும் நடக்கும் தூரம்.

செயின்ட் மார்ட்டின்: ஒரே தீவில் பாதி டச்சு, பாதி பிரெஞ்சு. கப்பல் நிற்பது டச்சுப் பக்கம் பிலிப்ஸ்பர்கில். விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கும் மாஹோ கடற்கரைக்குப் போகிறவர்கள் மதிய நெரிசலைக் கணக்கில் வையுங்கள், வழியில் படகுகளுக்காகத் திறக்கும் பாலம் ஒன்று இருக்கிறது. விமானம் கிளம்பும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். 2017-ல் அந்தக் காற்றுவீச்சில் ஒரு சுற்றுலாப் பயணி உயிரிழந்தார்.

செயின்ட் தாமஸ்: டாக்சி பக்கம் திறந்த லாரி மாதிரி இருக்கும், பலரை ஏற்றும், கட்டணம் ஆள் கணக்கு. வண்டி நிறையும் வரை காத்திருப்பார்கள். மேகன்ஸ் பே கடற்கரைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

சான் ஹுவான்: பழைய நகரத்தை நடந்தே பார்க்கலாம். எல் மோரோ, சான் கிறிஸ்டோபல் கோட்டைகள் மாலையில் சீக்கிரம் மூடிவிடும். கப்பல் பிற்பகலில்தான் வருகிறதென்றால் இறங்கியதும் எல் மோரோவுக்கு நடங்கள், கடைவீதியை இரவுக்கு வையுங்கள்.

காற்று பலமாக இருந்தால் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவார்கள். நிறுவனங்களின் தனித் தீவுகளில் இது சகஜம். கப்பல் மூலம் எடுத்த சுற்றுலாவின் பணம் தானாகத் திரும்பும். வெளியில் எடுப்பவர்கள், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் எடுங்கள்.

13. நடுக்கடல் நாள்

இந்த நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருவார்கள். நீச்சல் குளத்தருகே நாற்காலி வேண்டுமென்றால் 9 மணிக்குள். பஃபே 12 முதல் 1 வரை திருவிழாக் கூட்டம். பிரதான சாப்பாட்டுக் கூடத்தில் மதியமும் பரிமாறுவார்கள், பலருக்கு அது தெரியாது. அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேசினோவும் கடைகளும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது மூடியிருக்கும், கடலுக்குள் போன பிறகே திறக்கும். பிள்ளைகள் கிளப்பில் பதிவு முதல் நாளே செய்யுங்கள், வயது வாரியாகப் பிரிப்பார்கள். டயப்பர் போடும் குழந்தைகளைப் பல கிளப்புகள் சேர்ப்பதில்லை.

சாப்பாட்டுக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாக உதவாது.

14. கடைசி இரவும் இறங்கும் காலையும்

பெட்டிகளில் எண் போட்ட சீட்டைக் கட்டி இரவு 11 மணிக்குள் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய உடையையும் செருப்பையும் முதலில் எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள். இரவு உடையில், வெறுங்காலோடு சுங்க வரிசையில் நிற்கிற ஒருவரையாவது ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம். எல்லாப் பெட்டியையும் நீங்களே தூக்க முடியுமென்றால் வாசலில் வைக்கவே வேண்டாம், சொந்தமாக எடுத்துக்கொண்டு முதல் ஆட்களாக இறங்கலாம்.

அதே இரவு செயலியில் பில்லை வரி வரியாகப் பாருங்கள். தப்பாக ஏறியதைக் காலையில் சரி செய்யப் போனால் வரிசை நீளமாக இருக்கும், இறங்கிய பிறகு போனில் மல்லுக்கட்ட வேண்டும்.

கரையில் எடுத்த பவளம், சங்கு, பழம் எதையும் கொண்டுவராதீர்கள். அமெரிக்கரல்லாதவர்களுக்கு வரிசை சற்று மெதுவாக நகரலாம். அதனால் மயாமி, ஃபோர்ட் லாடர்டேலில் இறங்கினால் நண்பகலுக்குப் பிறகும், போர்ட் கனாவெரலில் இறங்கி ஆர்லாண்டோவில் ஏறுவதென்றால் பிற்பகல் 1 மணிக்குப் பிறகும் விமானம் போடுங்கள்.